உப்பு போடாத தேநீர்

கிராம மன்றத்தின் இரும்பு அலமாரியில் முப்பத்தோரு வருடக் கூட்டக் குறிப்பேடுகள் இருக்கின்றன. கடைசிப் பன்னிரண்டு என் கையெழுத்து. ஒருமுறை வேலையற்ற மத்தியானத்தில் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். பால்ஸாதாவின் பெயர் தேநீர் ஏற்பாடு என்ற வரிக்கு எதிரே நூறு தடவையாவது வருகிறது. அவர் பேசியதாக ஒரே ஒரு கூட்டத்தில்தான் இருக்கிறது. அவ்வளவு காலம் பேசாத ஒருவர் அன்று மட்டும் ஏன் பேசினார் என்பதைவிட, அவ்வளவு காலம் எப்படிப் பேசாமல் இருந்தார் என்பதே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் அபா, அதாவது அக்கா (அண்ணனுக்கு அகா). அவரைவிட ஆறு வயது மூத்த மன்றத் தலைவர் எஸ்பெர்கனும் அபா என்றுதான் கூப்பிடுவார். அமு தரியாவின் கடைமடையில், ஆறு என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சப்படும் இடத்தில் இருக்கும் எங்கள் கரதெரெக்குக்கு, ஆற்றின் மேல்பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து மருமகளாக வந்தவர். வந்த மறுநாள் காலை சம்பந்திகள் முன்னால் தேநீர் ஊற்றினார். பால் திரிந்தது. அடுத்த நாளும் திரிந்தது. மாமியார் வீட்டுக்கு வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாராம்: "பொண்ணு தங்கம். கைதான் புளிப்பு."

மூன்று மாதம் பால்ஸாதா அதை நம்பினார். தன் கையைத் தானே முகர்ந்து பார்த்துக்கொண்டதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு நாள், மாமியார் சந்தைக்குப் போன நேரத்தில், மூன்று கெட்டில்களை அடுப்பில் ஏற்றினார். ஒன்றில் கால்வாய்த் தண்ணீர், ஒன்றில் மழைத் தொட்டித் தண்ணீர், ஒன்றில் முற்றத்து அடிபம்புத் தண்ணீர். ஒரே தேயிலை, ஒரே பசுவின் பால். திரிந்தது பம்புத் தண்ணீரில் மட்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவர் செய்த இந்தச் சோதனையை, படித்த எங்களில் ஒருவருக்கும் அதுவரை செய்யத் தோன்றியதில்லை.

கண்டுபிடிப்பை மாமியாரிடம் சொன்னார்.

"தண்ணியக் குறை சொல்றியா?" என்றார் மாமியார். "வீட்டக் குறை சொல்றதும் அதுவும் ஒண்ணுதான். வாய மூடிக்கிட்டு வழியப் பாரு."

இரண்டையும் செய்தார். பாலைத் தனியாகச் சுட வைத்து, கிண்ணத்தில் அதை முதலில் ஊற்றி, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்து, கடும் சாயத்தை மெல்ல மேலே விட்டு, கூடவே கல்கண்டைக் கடிக்கக் கொடுத்தால் உப்பும் தெரியாது, திரிதலும் தெரியாது. இரண்டு வருடத்தில் கரதெரெக்கில் பால்ஸாதா ஊற்றாமல் ஒரு கல்யாணம் நடக்காது என்றாயிற்று. பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கள் தண்ணீரைப் பாராட்டினார்கள். "உங்க ஊர் டீ மாதிரி வராதுப்பா, தண்ணி அப்படி!" என்பார்கள். மருந்தகத்தில் சிறுநீரகக் கல்லுக்கு வரிசையில் நின்றபடி நாங்களும் ஆமாம் ஆமாம் என்போம்.

எங்கள் பக்கம் விருந்தாளிக்குக் கிண்ணம் நிறைய ஊற்றமாட்டோம். பாதிக்கும் கீழே. குறையக் குறைய மரியாதை கூடும். கிண்ணம் திரும்பத் திரும்ப வரும், உபசரிப்பவர் திரும்பத் திரும்பக் கவனிப்பார். விளிம்பு வரை ஊற்றிவிட்டால், குடித்தாயிற்றா, கிளம்பு என்று பொருள். பால்ஸாதாவின் கணக்கு மூன்று மடக்கு. மாவட்ட அதிகாரிக்கு இரண்டு மடக்கு. இரண்டு மடக்கில் எந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீர்தான்.

முப்பது வருடம் இப்படியே ஓடிய பிறகு ஊர் எல்லையில் உப்பு நீக்கும் நிலையம் ஒன்று கட்டப்பட்டது. அதுவரை திங்கள், வியாழன் இரண்டு நாள் தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. குடிக்க, சமைக்க அதுதான்; அது தீர்ந்தால் பம்பும் குழாயும். நிலையத்தை ஏற்றுக்கொண்டோம் என்று பார்வையிட வரும் குழு கையெழுத்துப் போட்டுவிட்டால், அடுத்த திங்கள் முதல் லாரி கிடையாது என்று மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது. நிலையத்தில் குறை எதுவும் இல்லை. அதன் வாசல் குழாயில் பிடித்தால் பனி உருகிய மாதிரி தண்ணீர். ஆனால் அங்கிருந்து வீடுகளுக்கு வரும் குழாய்கள் எங்கள் அப்பாக்கள் காலத்தவை. உப்புப் பூத்த மண்ணுக்குள் துருப்பிடித்துக் கிடப்பவை. பம்பு நிற்கும் நேரங்களில் சுற்றியுள்ள உப்பு நிலத்தடி நீரை உறிஞ்சிக்கொள்பவை. ஆகவே யாரும் பொய் சொல்லவில்லை. நிலையத்தில் நல்ல தண்ணீர், வீட்டில் கெட்ட தண்ணீர், நடுவில் பள்ளிக்கூடத்தில் இரண்டுங்கெட்டான்.

இதை எனக்குச் சொன்னவரும் பால்ஸாதாதான். தேயிலைப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு நிலையத்திலிருந்து தன் வீடு வரை ஒன்பது வீடுகளில் தேநீர் போட்டுக் குடித்துக்கொண்டே வந்திருக்கிறார். "மருந்தகம் வரைக்கும் பரவால்ல. அதுக்கப்புறம் நாக்கு சொல்லுது" என்றார். அவர் மருமகள் ஷினாருக்கு அப்போது ஏழாம் மாதம். கால் வீங்கியிருந்தது. லாரித் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாயில் வைக்கக் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். லாரி நின்றால் ஷினார் எதைக் குடிப்பாள் என்று பால்ஸாதா எஸ்பெர்கனிடம் இரண்டு தடவை கேட்டார்.

"பழகிடும் அபா," என்றார் எஸ்பெர்கன். "நாமெல்லாம் பழகலையா?"

"உனக்குப் பழகிருச்சு. உன் கல்லுக்குப் பழகலையே. போன மாசம் கத்துன கத்தல் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு."

எஸ்பெர்கன் கெட்டவர் அல்ல. நிலையம் வேண்டும் என்று ஏழு வருடம் மனு எழுதியவர் அவர்தான். வந்த பிறகு அதில் குறை சொல்ல அவருக்கு நா எழவில்லை.

பருத்தி எடுப்பு தொடங்கிய வாரத்தில் குழு வந்தது. கூட்டம் மன்றக் கூடத்தில். மாவட்டத்திலிருந்து துணைத் தலைவர் சார்சென்பாய், எங்கள் பக்கத்து மனிதர். தலைநகரிலிருந்து பொறியாளர் நோதிர், இந்தப் பக்கம் முதல்முறை வருகிற இளைஞர், மூக்குக் கண்ணாடி, புது பூட்ஸ். ஊரே வந்திருந்தது. காலையிலேயே எஸ்பெர்கன் சமையலறைக்கு ஆறு பாட்டில் கடைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"இதுல போடுங்க அபா."

"ஏன்?"

"விருந்தாளிங்க இல்லையா."

"குழாய்த் தண்ணி நல்லாருக்குன்னு கையெழுத்து போட வர்றவங்களுக்குக் கடைத் தண்ணியா?"

"அது வேற, இது மரியாதை."

பால்ஸாதா தலையாட்டினார். எஸ்பெர்கன் போனதும் தேநீர் கொதிக்கும் சமோவாரைக் குழாயடியில் கொண்டுபோய் நிரப்பினார். இந்த இடத்தில் நான் கதவருகே நின்றிருந்தேன், பார்த்தேன், குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். படித்தவர்களின் துணிச்சல் பெரும்பாலும் அந்த அளவில் நின்றுவிடும்.

நோதிர் அறிக்கை வாசித்தார். லிட்டருக்கு அரை கிராம்கூட உப்பு இல்லை. எல்லோரும் கை தட்டினோம். காகிதம் மேசைக்கு வந்தது. சார்சென்பாய் பேனா மூடியைத் திறந்தார். அப்போது தேநீர் வந்தது.

இரண்டு கிண்ணமும் பால் விடாமல், விளிம்பு வரை. நடந்து வரும்போது சிந்தித் தட்டு நனைந்திருந்தது. முன்வரிசைப் பெண்களிடமிருந்து ஒரே நேரத்தில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பால்ஸாதாவின் கையிலிருந்து நிறைகிண்ணம் என்பது எங்கள் ஊரில் யாரும் பார்த்திராத காட்சி. சார்சென்பாயின் கழுத்து சிவந்தது. ஆனாலும் அரசியல்வாதி, சிரித்தார்.

"என்ன அபா, நாற்காலி இன்னும் சூடாகல. அதுக்குள்ள வழியனுப்புறீங்களே?"

"குடிங்க அகா. குடிச்சு முடிச்சிட்டு அப்புறம் இருக்கறதும் போறதும் உங்க இஷ்டம்."

கூடத்தில் சிரிப்பு வெடித்தது. பின்வரிசையிலிருந்து யாரோ, "அபாவுக்குக் கண்ணு மங்கிருச்சுடோய், அளவு தெரியல!" என்றான். சார்சென்பாய் கிண்ணத்தைத் தொடவில்லை. தொட்டால் அவமானத்தை ஏற்றுக்கொண்டதாகும். நோதிருக்கு இதெல்லாம் தெரியாது. தாராள மனசுள்ள ஊர் என்று நினைத்திருப்பார். ஒரே மூச்சில் முக்கால் கிண்ணம் குடித்தார், கண்ணாடி ஆவியில் மங்கியது, முகம் மலர்ந்தது.

"ஆஹா! உப்பு டீ! இந்தப் பக்கத்து ஆளுங்க டீல உப்பு போட்டுக் குடிப்பாங்கன்னு காலேஜ்ல சொல்லிருக்காங்க. இப்பத்தான் முதல் தடவை. நல்லாருக்கு அபா."

நாங்கள் உப்பு போடுவதில்லை. ஸ்டெப்பிப் புல்வெளியில் மேய்ச்சல்காரர்கள் போடுவார்கள், அது வேறு இனம், வேறு கதை.

"நான் உப்பு போடலையே, தம்பி," என்றார் பால்ஸாதா.

நோதிர் கிண்ணத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி கிண்ணத்தைப் பார்த்தார். எஸ்பெர்கன் பாய்ந்து எழுந்தார்.

"கை தவறி விழுந்திருக்கும்! பாவம், வயசாயிருச்சு, வீட்டுல வேற கவலை. அபா, சீனின்னு நெனச்சு உப்பை அள்ளிட்டீங்க, அப்படித்தானே? சொல்லுங்க."

அவர் திறந்துவிட்ட கதவு அகலமானது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். எல்லோரும் சிரிப்போம், காகிதத்தில் கையெழுத்து விழும். பால்ஸாதா ஈரத் தட்டைக் கீழே வைத்தார். குரல் நடுங்கவில்லை என்று எழுத ஆசைதான். நடுங்கியது.

"என் கை தவறாது, எஸ்பெர்கன். இந்த ஊருக்கே தெரியும். முப்பது வருஷமா இந்தத் தண்ணியோட குறைய மறைச்சது இந்தக் கைதான். சோடா போட்டு மறைச்சேன், பால் ஊத்தி மறைச்சேன், அரைக் கிண்ணம் குடுத்து மறைச்சேன். இன்னிக்கு எதுவும் செய்யல. குழாயத் தொறந்தேன், கொதிக்க வெச்சேன், ஊத்தினேன். அவ்வளவுதான்."

"என் அறிக்கைல..." என்று நோதிர் தொடங்கினார்.

"உங்க தாள்ல இருக்கற தண்ணி நல்ல தண்ணிதான் தம்பி, நான் குடிச்சுப் பாத்தேன். அதை எங்க வீட்டுக்கு அனுப்புங்க, குடிக்கிறோம். அது வந்து சேர்ற வரைக்கும் லாரிய நிறுத்தாதீங்க. என் மருமக தாளக் குடிக்க முடியாது."

அதன் பிறகு கூடம் கூடமாக இல்லை. ஒருத்தி தன் கெட்டிலின் உள்ளே விரல் தடிமனுக்கு வெள்ளைப் படிவு என்றாள். இன்னொருவர் தன் கல்லைத் தீப்பெட்டியில் வைத்திருப்பதாகவும், எடுத்து வரட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றோம். பழைய டிராக்டர் ஓட்டுநர் ஒருவர் மட்டும் எழுந்து நின்று கடுமையாக ஆட்சேபித்தார்: "எனக்கு இந்தத் தண்ணிதான் புடிக்கும். லாரித் தண்ணில டீ சப்புனு இருக்கு. ருசியே இல்ல!" ஊரிலேயே தண்ணீருக்கு எதிரான மிக உறுதியான சாட்சி அவருடையதுதான் என்பது அவருக்குத் தெரியாது. நோதிர் அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார்.

பிறகு நோதிர் காரிலிருந்து பேனா போன்ற அளவுகருவியை எடுத்துக்கொண்டு சமையலறைக் குழாயடிக்குப் போனார். மூன்று தடவை முக்கினார். மூன்றாவது தடவைக்கு முன் கருவியைத் தன் சட்டையில் துடைத்தார், கருவிதான் தவறு என்று இன்னும் நம்பியவர்போல. பின்னர் பள்ளிக்கூடம், மருந்தகம், பால்ஸாதாவின் வீடு. பின்னால் பாதி ஊர் நடந்தது. ஒவ்வொரு இடத்திலும் கருவியைப் பார்ப்பதற்கு முன் பால்ஸாதா ஒரு வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கூடுதலா குறைவா என்று சொன்னார். நான்கு இடத்திலும் கருவி அவருடன் ஒத்துப்போயிற்று. "உங்களுக்கு நாக்கா, இல்ல ஆய்வகமா அபா?" என்றார் நோதிர், கொஞ்சம் பொறாமையோடு.

காகிதத்தில் ஏற்கப்பட்டது என்ற சொல்லின் குறுக்கே கோடு விழுந்தது. நிலையம் சரி, குழாய்ப் பாதை ஏற்புடையதல்ல, மாற்றும் வரை லாரி தொடரும் என்று நோதிர் தன் கையால் எழுதினார். சார்சென்பாய் கடைசியாகக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு என் குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"தண்ணியப் பத்தி என்ன வேணா எழுதிக்க. அந்த நிறைகிண்ணத்தை மட்டும் எழுதாத."

எழுதவில்லை. ஆனால் ஊர் அதைத்தான் பேசியது. தண்ணீர் ஒரு வாரத்தில் பழைய செய்தியாயிற்று. மாவட்டத் துணைத் தலைவருக்குக் கிண்ணம் நிறைய ஊற்றலாமா என்ற விவாதம் அறுவடை முடிந்தும் ஓயவில்லை. அந்தக் குளிர்காலத்தில் இரண்டு கல்யாண வீடுகள் ஊற்றுவதற்கு வேறு ஒரு பெண்ணைக் கூப்பிட்டன. இரண்டிலும் பால் திரிந்தது. பால்ஸாதாவுக்கு அதில் சந்தோஷம் இருந்ததா என்று கேட்டேன். "பாவம், அந்தப் பொண்ணுக்குச் சோடா விஷயம் யாரும் சொல்லல," என்றார். போய்ச் சொல்லிக்கொடுத்தாரா என்றால், இல்லை. "சொல்லிக்குடுத்தா மறுபடியும் எல்லாரும் தண்ணிய மெச்ச ஆரம்பிச்சிருவாங்க."

கூட்டத்தில் பேசப் பயமாக இருக்கவில்லையா என்றும் கேட்டேன்.

"பேசுறதுக்கா? அதுக்கும் பயம்தான். அதவிட, பழக்க தோஷத்துல டீ நல்லா வந்துருமோன்னு பயம்."

கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை லாரி வழக்கம்போல அரை மணி நேரம் தாமதமாக வந்தது. வழக்கம்போல ஓட்டுநரைத் திட்டினார்கள். ஷினார் வீங்கிய காலோடு வாசலில் உட்கார்ந்திருக்க, பால்ஸாதா இரண்டு பால்கேனோடு வரிசையில் ஏழாவதாக நின்றார். முன்னால் விடுகிறோம் என்றவர்களிடம் வேண்டாம் என்றார். வரிசை நகர்ந்தது.