பொன்னாடைக்கு ஒரு வாக்கிங் புட்

அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது அவள் மடியில் தையல் மிஷினின் தலை இருந்தது. பழைய புடவையில் சுற்றி, டவுன் பஸ்ஸில் பாப்பாரப்பட்டி வரைக்கும் அதை அணைத்தபடியே வந்திருந்தாள். மிஷினின் இரும்பு ஸ்டாண்டை அவள் கணவன் கடப்பாரையால் அடித்து முறித்திருந்தான். முறிப்பதற்கு முன், சூடாக இருந்த தேய்ப்புப் பெட்டியை அவள் முன்கையில் வைத்து அழுத்தியிருந்தான். தோல் வழன்ற இடத்தில் பெட்டியின் கூர்முனை அச்சுப்போல் பதிந்திருந்தது. உறவுமுறைப்படி அவன் எனக்கு மாமா. அன்றைக்குப் பிறகு அந்தச் சொல்லால் நான் அவனை அழைத்ததில்லை, இங்கும் அழைக்கப்போவதில்லை.

அன்று மாலை நானும் வெளியூரிலிருந்து திரும்பியிருந்தேன். கல்லூரிகளுக்கிடையிலான பட்டிமன்றத்தில், இல்லறத்தின் இனிமைக்குப் பெரிதும் துணை நிற்பது விட்டுக்கொடுத்தலே என்று வாதாடி வென்று, தோளில் மஞ்சள் பொன்னாடையோடு வாசற்படி ஏறினேன். எந்த அணியில் நிறுத்தினாலும் வெல்லும் பயிற்சி எனக்கு உண்டு. ஒலிவாங்கி அணைந்தாலும் கடைசி வரிசை வரை எட்டும் குரல் உண்டு. அக்கா என் பொன்னாடையைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். அம்மா வேப்பெண்ணெய் தேடிக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து ஊர்ப் பெரியவர்கள் இருவர் வந்து, திருவிழா முடிந்ததும் சமுதாயக்கூடத்தில் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம் என்றார்கள். தீர்ப்பு அவர்கள் பேச்சிலேயே வெளிப்பட்டுவிட்டது.

"ஆம்பள இல்லாத வூடு. நீங்களே வெங்காயம் அறுக்கப் போயி கஞ்சி குடிக்கிறீங்க. இவள எத்தன நாளைக்கு வெச்சிக் காப்பாத்துவீங்க?" என்றார் மூத்தவர்.

"அவளே அவளக் காப்பாத்திக்குவாங்க," என்றாள் அம்மா.

"எப்பிடி? அதக் கூட்டத்துல காட்டச் சொல்லு. காட்டலன்னா அவங்கூட அனுப்பி வெக்கிறதுதான் மொறை."

அந்தக் 'காட்டுதல்'தான் எங்களுக்கு எல்லாமும் ஆயிற்று. பழைய இரும்புக் கடையில் ஒரு ஸ்டாண்டைப் பிடித்து, மிஷின் தலையை ஏற்றி, சின்ன மோட்டார் ஒன்றைப் பொருத்தினோம். தருமபுரியில் மெத்தை, திரைச்சீலை விற்கும் கடைக்காரர் ஒருவர், மூன்றடுக்குப் போர்வை ஒன்றைச் சுருக்கமில்லாமல் தைத்து வந்தால் தொடர்ந்து வேலை தருவதாகச் சொன்னார். துணிக்கு எங்கே போவது? பீரோவைத் திறந்தேன். மேடைதோறும் எனக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடைகள் சரிந்து விழுந்தன. மறுபடி உடுத்த முடியாத, பிறருக்குத் தரவும் கூசுகிற, பளபளப்பைத் தவிர வேறு பயனில்லாத துணிகள் அவை. "எடுத்துக்க," என்றேன். அக்கா ஒருகணமும் தயங்கவில்லை. அவற்றின் ஜரிகைக் கரைகளைக் கத்தரியால் கரகரவென்று அறுத்தெறிந்தாள். என் வெற்றிகள் குவியலாகத் தரையில் கிடந்தன. எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பட்டிமன்றப் பேச்சாகிவிடும்.

மேலே பொன்னாடை, நடுவில் பழம்புடவை, அடியில் பருத்தி. தைக்கத் தொடங்கியதும் பொன்னாடை பாம்பாக வழுக்கியது. சாதாரண மிஷினில் துணியை நகர்த்தும் பற்கள் அடியில் மட்டுமே இருக்கின்றன. அடித்துணி ஓடும், மேல்துணி பின்தங்கும், முடிவில் சுருக்கம் விழும். குண்டூசி குத்திப் பார்த்தோம்; ஊசிகள் வளைந்தன. அப்போதுதான் மூவரும் கூடி ஒரு மடமையைச் செய்தோம். மரவள்ளி விளையும் சீமையில் கஞ்சிப் பசைக்குப் பஞ்சமா? ஜவ்வரிசியைக் கொதிக்கவிட்டுக் காய்ச்சி, மூன்று துணிகளுக்கு நடுவிலும் தடவி, ஒட்டிக் காயவைத்தோம். பலகைபோல் விறைத்தது, வழுக்கல் நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால் போர்வையின் நடுவில் எலிகள் குடியிருந்தன. கஞ்சி காய்ந்த இடமெல்லாம் கடித்துத் துளைத்திருந்தன. அம்மா விளக்குமாற்றுக் கட்டையால் ஒன்றைச் சுவரோடு வைத்து அடித்தாள். செத்த பிறகும் அடித்தாள். அவள் கண்முன் இருந்தது எலியன்று என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் தடுக்கவில்லை.

"இதுக்கு வாக்கிங் புட் வேணும்," என்றாள் அக்கா. "துணிய அமுக்குற காலு. அதுல மேலயும் பல்லு இருக்கும். ரெண்டு பக்கமும் சேத்து இழுக்கும்."

தருமபுரிக் கடைவீதியில் மிஷின் உதிரிப்பாகம் விற்கும் பாயின் கடைக்கு இருவரும் போனோம். அவர் முதலில் எடுத்துப் போட்டது பெரிய மிஷினுக்கானது. அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன் மிஷினின் பழைய புட்டை எடுத்து அருகில் வைத்தாள். உயரம் ஒத்துவரவில்லை.

"சின்னது வெச்சிருக்கீங்களா, பாய்?"

"இருக்கும்மா. ஆனா மாட்டிப் பாத்துட்டுத் திருப்பிக் கொண்டாந்தா வாங்கமாட்டன்."

நுகர்வோர் உரிமை பற்றி நான் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார். "நீ ஸ்கூல் மைதானத்துல பேசுன புள்ளதான? அன்னிக்கே தலைவலி மாத்திரை போட்டன். இங்க வேணாம் தாயி, எடுத்துட்டுப் போ." அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். வீடு திரும்பியபின் அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

பஸ் நிலையத்தில் அக்காவின் கணவன் நின்றிருந்தான். பாலக்கோட்டு மண்டிக்குத் தக்காளி ஏற்றும் வேன் ஓட்டுபவன். எங்கள் வரவை யாரோ சொல்லியிருக்க வேண்டும். அக்காவின் பின்னலைப் பிடித்துச் சுழற்றி, நின்றிருந்த பஸ்ஸின் பக்கத் தகட்டில் அவள் தலையை மோதினான். தகரம் அதிர்ந்த ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. பை கீழே விழுந்து, புட் இருந்த சிறு அட்டைப்பெட்டி பஸ்ஸின் அடியில் உருண்டது. கையிலிருந்த குடையின் கம்பால் அவன் தோளில் அடித்தேன். திரும்பி அறைந்தான், என் கீழுதடு பல்லில் பட்டுக் கிழிந்தது.

"ஏங் கொழுந்தியா, மைக் இல்லாம பேச்சு வரலியா?" என்றான்.

வந்தது. வாயில் இரத்தம் ஊற, நிலையம் முழுவதும் கேட்கும்படி, இவன் தேய்ப்புப் பெட்டியால் மனைவியைச் சுட்டவன் என்று முழங்கினேன். தலைகள் திரும்பின, பூக்காரிகள் எழுந்தார்கள், நாலைந்து ஆண்கள் நெருங்கி வந்தார்கள். அவன் அமைதியாக, "எம் பொண்டாட்டிங்க," என்றான். நெருங்கியவர்கள் நின்றுவிட்டார்கள். "குடும்ப விசயம், நாம எப்பிடிங்க," என்று ஒருவர் முணுமுணுத்தார். என் வாழ்நாளில் நான் ஓர் அவையை வென்று, மறுநொடியே இழந்தது அன்றுதான்.

அக்கா அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் பின்னலை விடும்வரை கடித்தாள். அவன் மறு கையால் அவள் கன்னத்தில் குத்தக் குத்த, பல் எடுக்காமல் கடித்தாள். விட்டான். நான் பஸ்ஸின் அடியில் குப்புற ஊர்ந்து பெட்டியை எடுத்தேன். கண்டக்டர் எங்களை உள்ளே ஏற்றிக் கதவைச் சாத்தினார். ஊர் வரும்வரை அக்கா ஜன்னல் வழியே துப்பிக்கொண்டே வந்தாள்.

அன்று மாலையே எலி கடிக்காத வேறு துணிகளை அடுக்கி, புட்டை மாட்டினோம். பார்ப்பதற்கு அது ஒரு குட்டி இயந்திரம்போல் இருந்தது. அதன் பக்கத்திலிருந்து நீளும் சிறு கரத்தை ஊசியைப் பிடித்திருக்கும் திருகின்மேல் ஏற்றிவிட வேண்டும். ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தக் கரமும் ஏறி இறங்கும். புட் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, தன் பற்களால் மேல்துணியைக் கவ்வி, அடித்துணியோடு ஒரே இழுப்பாக இழுத்துப்போகும். அதன் ஓசை சாதாரணத் தையலின் ஓசையன்று. யாரோ ஒருவர் ஆணியடித்த செருப்போடு தகரத்தின்மேல் நடப்பதுபோல் இருந்தது. பொன்னாடை வழுக்கப் பார்த்தது, புட் விடவில்லை. முதல் வரிசை முடிந்ததும் அக்கா துணியைப் புரட்டி, ஓரத்தோடு ஓரம் பொருந்துகிறதா என்று பார்த்தாள். பொருந்தியது. வீங்கிய கன்னத்தோடு அடுத்த வரிசையைத் தொடங்கினாள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கையில், அம்மா வேலைக்குப் போன பகற்பொழுதில், அவன் வந்தான். போர்வையின் கடைசி வரிசைகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் மறுமுனையை ஏந்தி நின்றேன்.

"கூட்டம் என்னாத்துக்கு? கெளம்பு," என்றான்.

அக்கா தைத்துக்கொண்டிருந்தாள்.

"உன்னத்தான்டி. நிறுத்து."

அவள் நிறுத்தவில்லை. அவன் அவளுடைய இடப்பக்கம் வந்து, தன் இடக்கையை விரித்து, புட்டுக்கு முன்னால் ஓடும் துணியின்மேல் ஊன்றி, உடலின் எடை முழுவதையும் அதன்மேல் போட்டான். துணி நின்றது, அக்கா பெடலிலிருந்து காலை எடுத்தாள். அவன் கடிபட்ட மணிக்கட்டில் பற்களின் தடம் கருத்திருந்தது. "இப்ப தை பாக்கலாம்," என்றான்.

அக்கா அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பெடலை ஆழ மிதித்தாள்.

புட் எழுந்து துணியைக் கவ்வியது. துணியோடு கையும் நகர்ந்தது. அவன் விலக்குவதற்குள் அது ஆட்காட்டி விரலின்மேல் மிதித்தேறியது. ஊசி நகத்தின் நடுவில் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கி எலும்பில் சிக்கி நின்றது. மோட்டார் உறுமியது. அவன் வலக்கையால் அக்காவின் தலையில் ஓங்கி அறைந்தான். அறைந்த வேகத்தில் அவன் உடல் அசைய, நகம் பாதி பெயர்ந்தது. அதன்பின் அவன் அசையவில்லை. மஞ்சள் பொன்னாடையில் இரத்தம் கோட்டுத்தையல் வழியே வரிவரியாக ஓடியது.

கைச்சக்கரம் என் பக்கம் இருந்தது. அதைத் திருப்பினால் ஊசி மேலேறும். நான் அதன்மேல் கை வைத்தேன், திருப்பவில்லை. என் நெஞ்சில் ஒரு முழு உரை திரண்டிருந்தது. வாயைத் திறந்தேன்.

"நீ பேசாம இரு," என்றாள் அக்கா. அவளுடைய காதோரம் சிவந்திருந்தது. அவனிடம் திரும்பினாள். "கூப்புட வந்தியா, அடிக்க வந்தியா?"

"எடுடி. ஊசிய எடு."

"கை ஆடாத. ஆடுனா நெகம் மொத்தமா வந்துரும். கேட்டதுக்குச் சொல்லு."

அவன் பல்லைக் கடித்தான். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. "கூப்புடதான்."

"நான் வரல. கூட்டத்துல வெச்சி இன்னொருக்காக் கூப்புடு. அங்கயும் வரலன்னுதான் சொல்லுவன். ஏன்னு கேட்டாங்கன்னா இந்தக் கதையச் சொல்றன். சொல்லட்டுமா?"

அவள் என் கையை விலக்கிவிட்டுச் சக்கரத்தைத் தானே திருப்பினாள். பாதியில் ஊசி முறிந்தது. முனை எலும்பிலேயே தங்கிவிட்டது. புட்டைத் தூக்கியதும் விரலை உருவிக்கொண்டு, லுங்கியில் சுற்றியபடி வேனை நோக்கி ஓடினான். போகும்போது வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தை உதைத்துவிட்டுப் போனான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

அக்கா புது ஊசி மாட்டினாள். வளைந்திருந்த புட்டின் கரத்தைக் குறட்டால் நிமிர்த்தினாள். ஈரமான இடத்தைத் தாண்டி அதே வரிசையைத் தைத்து முடித்தாள். கடைக்காரருக்கென்று மறுநாள் பச்சைப் பொன்னாடையில் வேறொன்று தைத்து, கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு பொதி துணியோடு திரும்பினாள்.

சமுதாயக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. அவன் எதிரில் உட்கார்ந்திருந்தான். ஆட்காட்டி விரல் சுரைப்பிஞ்சு அளவுக்குக் கட்டப்பட்டிருந்தது.

"விரல் என்னாப்பா?" என்று மூத்தவர் கேட்டார்.

அவன் அக்காவைப் பார்க்காமல், "வேன் கதவு நசுக்கிருச்சுங்க," என்றான்.

"கதவயே ஒழுங்கா சாத்தத் தெரில, குடும்பத்த எப்பிடிரா நடத்துவ?" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது.

அக்கா கடைக்காரர் தந்த பொதியை அவிழ்த்து வைத்தாள். அதன்மேல் மஞ்சள் போர்வையை விரித்தாள். மூத்தவர் அதைத் தடவினார், மடித்தார், இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"தையல் கெட்டியா இருக்குது. இதென்னா கறை?"

"அவரக் கேளுங்க," என்றாள் அக்கா.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மனைவி தன் விரலைத் துணியோடு சேர்த்துத் தைத்துவிட்டாள் என்று, அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒருவன் எப்படிச் சொல்வான்? கட்டுப்போட்ட கையைத் தொடையின் அடியில் மறைத்தான். "எனக்கென்னா தெரியும், வெத்தல எச்சியா இருக்கும்," என்றான்.

"எங்க வூட்ல யாரும் வெத்தல போடறதில்லீங்க," என்றாள் அம்மா.

மூத்தவர் கறையையும் கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. "நீ என்னாப்பா சொல்ற? கூட்டிட்டுப் போறியா?"

"வரலன்னா இருக்கட்டுங்க," என்றான்.

எழுதி மனனம் செய்து வைத்திருந்த என் உரை, அதன் முன்னுரையும் முத்தாய்ப்புமாக, அன்றும் என்னிடமே தங்கிவிட்டது. அது நல்ல உரை. இன்றும் அப்படித்தான் கருதுகிறேன்.

அந்த மஞ்சள் போர்வையை நான்தான் போர்த்திக்கொள்கிறேன். சென்ற வாரம் ஒரு மேடையிலிருந்து சிவப்புப் பொன்னாடையோடு வந்தபோது, அக்கா ஓடும் மிஷினிலிருந்து தலை நிமிர்த்தாமலே சொன்னாள்: "செவப்பு நெறைய கெடக்குது. அடுத்த கூட்டத்துல ஊதா போடச் சொல்லு."