எடின்பரோவில் முதல் காலடி

1. பின்னால் வந்த குடை

என் முதல் பயணத்திலேயே இரண்டு பேரைத் தொலைத்தேன்.

ஜெர்மனியில், வுப்பர்டாலில் இருந்த ஒரு சிறிய பஸ் சுற்றுலா நிறுவனம் அது. வுப்பர்டாலில் பாதிப் பேர், எசனில் மிச்சப் பேர், பிறகு ஒல்லாந்தில் கப்பல், அடுத்த நாள் பின்னேரம் எடின்பரோ. யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலமும் இங்கே இருபது வருடத்தில் பிடித்த டொச் மொழியும் இருந்ததால் என்னை வழிகாட்டியாக எடுத்தார்கள். அதுவரை ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. நாற்பத்தாறு வயதில் என் பெயர் அச்சடித்த அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் கூட வந்தது. ஆனால் முதல் ஆறு மாதம் ப்ரோபெட்சைட், ஆளைப் பரீட்சித்துப் பார்க்கிற காலம். காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம்.

எடின்பரோ பழைய நகரம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோட்டையிலிருந்து அரண்மனை வரை ஒரே நீளத் தெரு. இரண்டு பக்கமும் இருட்டுச் சந்துகள், படிகள். குளோஸ் என்பார்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் போகலாம். வழிகாட்டி முன்னால் போக வேண்டும், குடையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். நான் குடையைத் தூக்கினேன். ஆனால் பின்னால் போனேன். கோட்டை வாசல், சாப்பாட்டுக் கடை வாசல், சந்து வாசல், எல்லா வாசலிலும் ஒதுங்கி நின்று "நீங்கள் போங்கோ" என்றேன். மரியாதை தெரிந்த பெண் என்று முதல் நாள் மெச்சினார்கள். மூன்றாம் நாள் முன்னால் போன இரண்டு சகோதரிகள், எழுபது தாண்டியவர்கள், வேறு சந்துக்குள் இறங்கிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் மழையில் பஸ் நின்றது. பொலிஸ்காரர் கூட்டி வந்தார். முறைப்பாட்டுக் கடிதம் எனக்கு முன்னமே வுப்பர்டாலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலாளி அம்மா ஹெல்கா கத்துகிற ஆள் இல்லை. அதுதான் பயம். அவர் சொன்னதை எங்கள் பேச்சில் தருகிறேன்.

"குடை ஏன் பின்னுக்கு வருது? வழி தெரிஞ்ச ஆள் முன்னுக்குப் போகவேணும். வருசக் கடைசிப் பயணத்திலையும் இப்படி எண்டால், அதோடை சரி."

காரணம் எனக்குத் தெரியும், அதை டொச்சில் எப்படிச் சொல்வது? இவர், என் புருசன், செத்து அப்போது இரண்டு வருடம். எங்கள் சனம் ஒருவரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொன்னதில்லை. வெளியே புறப்படும்போது யார் எதிர்ப்படுகிறார்கள் என்பதை முழுவியளம் என்று பார்ப்பார்கள் அல்லவா, அவ்வளவுதான். எசனில் காரில் ஏறப் போனவர்கள் என்னைக் கண்டதும், "தண்ணி குடிச்சிட்டு வாறம் அக்கா" என்று சிரித்தபடி திரும்பி உள்ளே போனார்கள். மூன்று தடவை பார்த்தேன். நாலாம் தடவை நானே ஒதுங்கினேன். பிறகு கால் தானாகவே ஒதுங்கப் பழகிவிட்டது. எடின்பரோக் கோட்டைக்கு இதெல்லாம் தெரியாது என்று என் காலுக்கு யார் சொல்வது?

2. கறுப்பு முடி

வருடக் கடைசியை ஸ்கொட்லாந்தில் ஹொக்மனே என்கிறார்கள். நத்தார்ப் பண்டிகையைவிட அவர்களுக்கு அதுதான் பெரிது. புது வருடம் பிறந்த பிறகு வீட்டு வாசலை முதலில் தாண்டுகிற ஆளைக் கொண்டுதான் அந்த வருடத்தின் அதிர்ஷ்டம். அந்த ஆள் கறுப்பு முடி ஆணாக இருக்க வேண்டும். கையில் நிலக்கரித் துண்டு, வெண்ணெய் பிஸ்கற், ஒரு போத்தல் விஸ்கி. பொன்முடிக்காரர் ஆகாது. பெண் அதைவிட ஆகாது. இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இங்கேயுமா!

அந்த வருடம்தான் நிறுவனம் முதல் முதலாக இதை நிகழ்ச்சியில் போட்டிருந்தது. ஜனவரி முதலாம் தேதி காலை பதினொரு மணிக்கு மோராக் என்ற அம்மாவின் வீட்டில் முதல் காலடி, பிறகு தேநீர். முதல் காலடி வைக்க ஒரு உயரமான கறுப்பு முடி இளைஞர் கில்ட் என்ற அவர்களுடைய ஆண்கள் பாவாடை உடுத்தி வருவதாக ஏற்பாடு. பத்தரைக்கு ஃபோன் வந்தது, அவருக்குக் காய்ச்சலாம்.

இருபத்தெட்டுப் பேர் படியில் குளிரில் நிற்கிறார்கள். பாதி நரை, மிச்சம் மொட்டை. சாரதி டெட்லெஃப் வைக்கோல் நிறத் தலை. மோராக் கதவைத் திறந்து, ஊன்றுகோல் மாதிரி மெலிந்த உடம்பை நிலையில் சாய்த்துக்கொண்டு, எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் கூட்டத்துக்குப் பின்னால் நின்ற என்னைக் கை காட்டினார்.

நான் முன்னுக்குப் போய் மெதுவாகச் சொன்னேன். நான் பெண். அதோடு புருசன் இல்லாதவள். எங்கள் ஆட்களில் என்னைப் போல ஒருத்தி முதலில் நுழையக் கூடாது. உங்கள் வீட்டுக்கு ஒன்று நடந்தால் நான் தாங்கமாட்டேன்.

மோராக் அவசரப்படாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

"என்ரை மனுசன் போய்ப் பதினொரு வருசம். கடைசி மூண்டு வருசமும் ஒருத்தரும் வரேல்லை. நான் பின்கதவாலை போய், கரியைப் பிடிச்சுக்கொண்டு முன்கதவாலை நானே வந்தன். நீ எண்டாலும் வா பிள்ளை."

டெட்லெஃபின் தகப்பன் எசன் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளி. டெட்லெஃப் பஸ்ஸின் முன்கண்ணாடிக்கடியில் எப்போதும் கிடக்கிற கரித் துண்டை ஓடிப்போய் எடுத்துவந்து என் கையில் வைத்தார். நான் வாசலைத் தாண்டினேன். பின்னால் இருபத்தெட்டுப் பேரும் என் குடையைப் பார்த்தபடி வந்தார்கள். அடுத்த இரண்டு நாளும் நான்தான் முன்னால். ஹெல்கா வேலையை உறுதிப்படுத்திய கடிதத்தை மாசியில் தந்தார்.

3. மாசியில் இன்னொரு கடிதம்

அதே மாதம் மோராக்கிடமிருந்தும் கடிதம் வந்தது. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் நிலத்தில் கிடந்திருக்கிறார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரிடம் சொல்ல? தங்கச்சியிடம் சொன்னால் "அப்பவே தெரியும்" என்று மனதுக்குள் நினைப்பாள். வேலைக்குப் போனேன், குடையைத் தூக்கினேன், முன்னால் நடந்தேன். உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் முழுக்க அப்படித்தான்.

அடுத்த ஜனவரி முதலாம் தேதி பஸ் அவர் தெருவுக்குள் திரும்பியபோது, நான் இறங்கமாட்டேன், பாவாடைக்காரரே போகட்டும் என்று டெட்லெஃபிடம் சொல்லிவிட்டேன். பாவாடைக்காரர் இந்த முறை சுகமாக வந்து நின்றார். மோராக் அவரை உள்ளே விடவில்லை. தடியை ஊன்றி வாசல் படியில் நின்றபடி என்னைக் கூப்பிடச் சொன்னார். காலையில் வந்த தாதிப் பெண்ணையும் பின்கதவால்தான் எடுத்தாராம்.

நான் அழுதபடி சொன்னேன், நான் வந்ததால்தானே உங்களுக்கு இப்படி.

"விழுந்து கிடக்கேக்கை எனக்கு ஒண்டு தெரியும்," என்றார். "வாற ஜனவரி முதலாம் தேதி என்ரை வீட்டுக்கு ஒராள் வரும். நீ வாறதுக்கு முந்தின மூண்டு வருசத்திலை விழுந்திருந்தால் அதுவும் இல்லை. குளிருது, உள்ளை வா."

அதன் பிறகு ஒன்பது வருடம் அந்த வாசலை முதலில் தாண்டியது நான்தான்.

4. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு

முன்னால் நடந்து போங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு உங்கள் சாதகம் தேவையில்லை, வழிதான் தேவை. இதை நான் எல்லாப் புதுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் இதற்கு ஒரு செலவு இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை.

நான் ஓய்வுபெற்ற வருடம் தங்கச்சி எசனில் வீடு வாங்கினாள். புதுவீட்டுக் குடிபூரலுக்கு இரண்டு நாள் முன்பு ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, ஐயர் ஏழுக்கு வாறார். நீங்கள் ஒரு பதினொண்டுக்கு, சாப்பாட்டுக்கு வாங்கோவன்."

கெட்டவள் இல்லை அவள். இவர் செத்த கிழமை முழுக்க என்னோடு படுத்தவள். ஆனால் எனக்கு இனிப் பின்னால் நிற்க ஏலாது என்று அன்றுதான் தெரிந்தது.

"வாறதெண்டால் ஏழுக்கு வாறன், தங்கச்சி," என்றேன்.

சரி எண்டால் கூப்பிடு என்று சொல்லிவிட்டு நான்தான் ஃபோனை வைத்தேன்.

குடிபூரலன்று, ஞாயிற்றுக்கிழமை, விடிய நாலரைக்கே எழும்பி, குளித்து, சேலை உடுத்தி, ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஏழு மணியானது, ஃபோன் அடிக்கவில்லை. பதினொரு மணியும் ஆனது. அழுதீர்களா என்று கேட்டால், ஓம், அழுதேன். ஆனால் சாப்பாட்டுக்குப் போகவில்லை.