அம்மன் கோயிலுக்கு இரண்டு டொமைன்

இணையதளம் கட்டுகிற தொழிலில் கம்ப்யூட்டரைச் சமாளித்துவிடலாம், கமிட்டியைத்தான் முடியாது. கோயில், சங்கம் என்று வேலை எடுத்து மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

யார் மேலே?

சுங்காய் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம். அங்குள்ள மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பால்குடம் எடுப்பவர்கள் பேர் பதிய ஈப்போவிலிருந்து நான் தளம் செய்து கொடுத்தேன். தளம் ஒன்று, டொமைன் என்கிற இணைய முகவரி இரண்டு. தோட்டத்தின் பெயரில் கோயில் கமிட்டித் தலைவர் ஒன்று வாங்கினார், அம்மன் பெயரில் செயலாளர் ஒன்று வாங்கினார். செட்டிங் ஃபைலில் ஒரு பட்டியல் உண்டு. அதில் இல்லாத டொமைன் பெயரைத் தட்டி யார் வந்தாலும் தளம் திறக்காது. இரண்டையும் எழுதி, புத்தி கெட்டுப்போய் அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உடனே தலைவர் அழைத்தார்.

"தலைவர் வாங்குனது கீழ, செயலாளர் வாங்குனது மேலயா? அழைப்பிதழ்ல இப்படிப் போடுவியா தங்கச்சி?"

திறந்தால் போதாதாம்

வரிசைக்கும் தளத்துக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தாலும் மாற்றிவைத்தேன். மறுநாள் செயலாளர் ஈப்போவுக்கே வந்துவிட்டார். அவர் போனிலேயே இரண்டையும் திறந்து காட்டினேன். அந்த ஃபைலை என்னைத் தவிர ஒரு மனுஷரும் பார்க்கப்போவதில்லை என்று கத்தாத குறைதான்.

"தொறக்குது சரிலா. யாரு மேலன்னுதானே ஊருல கேக்குறாங்க!"

சாப் குத்திய கடிதம்

கூட்டம் போட்டார்கள். செயலாளர் பக்கம் ஜெயித்தது. இனி அம்மன் பெயர் மட்டும், மற்றதை எடு என்று கமிட்டி முத்திரையாகச் சாப் குத்திய கடிதம் வந்தது. தோட்டத்துப் பெயரிலான முகவரி போட்ட அழைப்பிதழ் ஏற்கெனவே வீடு வீடாகப் போயிருந்தது, அதை நம்பி வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று செயலாளரிடம் கேட்டேன்.

"நீ எடுத்துரு தங்கச்சி, அவங்களுக்கு நாங்க சொல்லிக்கிறோம்."

எடுத்தேன். அதற்காக என் மேலேயே எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

பாகான் டத்தோ அக்கா

யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பதிவு முடிகிற நாளன்று, அழைப்பிதழில் இருந்த என் நம்பருக்கு பாகான் டத்தோவிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். மகளுக்கு ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்ததற்குப் பால்குடம் நேர்ந்திருக்கிறார். மூன்று நாளாக அழைப்பிதழைப் பார்த்துப் பார்த்துத் தட்டியும் ஏதோ ஆங்கிலத்தில் பிழை என்றுதான் வந்ததாம். "தோட்டத்த விட்டுப் போனவங்கள ஒதுக்கிட்டாங்களா?" என்று கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. எனக்கு ஆத்திரமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. கமிட்டியில் ஒருவரையும் கேட்கவில்லை. பட்டியலிலிருந்து எடுத்த வரியைத் திரும்பப் போட்டேன், அக்கா லைனில் இருக்கும்போதே அவர் பேரைப் பதிந்தேன். இரண்டு பெயர் சண்டையையும் சொன்னேன்.

"அம்மாளுக்கு நூத்தியெட்டு பேரு தங்கச்சி, எந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டாலும் வாரா. ஒங்க கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேரு தாங்கலியா?"

கம்ப்யூட்டருக்கு இருநூறு பேர் கொடுத்தாலும் தாங்கும் அக்கா, கமிட்டிக்குத்தான் இரண்டாவது பேரே தாங்காது.