போகாத ஊருக்கு நான் சொன்ன வழி

ஊருக்கெல்லாம் பெட்டி கட்டி அனுப்புகிறவளின் பெட்டி பரண்மேலேயே கிடக்கும் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் விதி. இந்தத் தொழிலுக்கு டிராவல் டெஸ்க் என்று பெயர். ஒரகடத்தில் கார் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அந்த மேசை என்னுடையது. எங்கள் தாய்க் கம்பெனி செக் நாட்டின் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. இங்கே புது மெஷின் வரும்போதெல்லாம் அங்கே மூன்று மாதப் பயிற்சிக்கு ஆறு பேர் போவார்கள். விசா, டிக்கெட், தங்கும் அறை எல்லாம் நான் பார்ப்பேன். போவது மட்டும் அவர்கள். பிள்ளைகளைச் சுற்றுலா பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கையாட்டும் ஆசிரியைகளே, பிறருக்கு விமான டிக்கெட் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பும் ஏஜெண்டுகளே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

நான்காம் பக்கம்

போகிறவர்களுக்கு நான் ஒரு குறிப்பு அச்சடித்துக் கொடுப்பேன். முதல் மூன்று பக்கங்களில் பாஸ்போர்ட், ஸ்வெட்டர், ரைஸ் குக்கர் சமாச்சாரம். நான்காவது பக்கம் நானாகச் சேர்த்தது. அந்த ஊரின் வரலாறு. ஒரு ராஜா ஆற்றோரம் சந்தை கூட்ட உரிமை கொடுத்ததில் உண்டான ஊர் அது. நகர மன்றத்தின் மணிக்கூண்டு இரண்டு முறை எரிந்து, இரண்டு முறையும் திரும்பக் கட்டப்பட்டது. கொள்ளைநோய் விலகியதற்கு நன்றியாகச் சதுக்கத்தின் நடுவில் மாதா சிலையோடு ஒரு தூண். சுவீடன் படை முற்றுகையிட்டும் உள்ளே நுழைய முடியாத மதில். ஆற்றின் மேல் ஒரு கல் பாலம், அதில் தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரங்களோடு ஒரு புனிதர். வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போது தினமும் போனில் இதைத்தான் படித்துக்கொண்டு வருவேன். ஆசைதான், வேறென்ன.

எங்கள் மேனேஜர் ராகவன் சார் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, பசங்க மெஷின் கத்துக்கத்தானே போறாங்க? பொண்ணு எடுக்கப் போற மாதிரி இவ்ளோ பூர்வீகம் விசாரிச்சு வெச்சிருக்க!"

தூண்

முதல் குழுவில் போனவன் செல்வம். திருநெல்வேலிப் பையன், வெல்டிங் லைனில் இருக்கிறான். மூன்று மாதம் கழித்து நிறம் கூடி, கன்னம் வைத்துத் திரும்பி வந்தான். எனக்கு ஒரு சாக்லேட் டப்பா வேறு. டப்பாவை யார் கேட்டார்கள்? மற்றவர்கள் எல்லோரும் அவனிடம் சம்பளத்தைப் பற்றியும் குளிரைப் பற்றியும் கேட்டார்கள். நான் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தூணைப் பற்றிக் கேட்டேன். மாதாவின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது? தூணின் அடியில் நான்கு புனிதர்களா, ஆறு பேரா? படங்களில் ஒரு பக்கம்தான் தெரியும், பின்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று எனக்கு வெகு நாளாகச் சந்தேகம்.

அவன் தலையைச் சொறிந்தான். தொண்ணூறு நாள் தினம் இரண்டு வேளை அந்தத் தூணைத் தாண்டிப் போனவன். எனக்கு அவன்மேல் வந்தது கோபமில்லை, சுத்தமான பொறாமை. கடைசியில் அவன் முகம் மலர்ந்தது. "ஆங், அந்தத் தூணாக்கா! அதச் சுத்தி ஒரு கம்பி இருக்கும்லா, அதுலதான் நாங்க சைக்கிளப் பூட்டிப் போடுவோம்."

இடது பக்கம் மதில்

டில்லிபாபு ஸ்ரீபெரும்புதூர்க்காரர், மெயின்டனன்ஸ் ஆள். அடுத்த குழுவில் போனவர், அங்கே இறங்கிய இரண்டாம் நாளே காலையில் தனியாக நடக்கப் போய் வழி தவறிவிட்டார். எனக்கு வீடியோ கால் வந்தது. இங்கே கேன்டீனில் மதியச் சாப்பாட்டுக்கு வரிசை நிற்கிற நேரம். அவருக்குப் பின்னால் பனி, ஒரு மஞ்சள் சுவர், வேறொன்றும் இல்லை. பிளான்ட்டுக்குப் போகும் பஸ்ஸுக்குக் கால் மணி நேரம்தான் இருந்தது.

போனை மெதுவாகச் சுற்றச் சொன்னேன். ஒரு கோபுர வாசல் தெரிந்ததும் நிறுத்தச் சொன்னேன். அந்த வாசலை எனக்குத் தெரியும். "அதுக்குள்ள பூந்து வெளிய வாங்க. இடது கைப் பக்கம் மதில் வரும். அதை ஒட்டியே இறங்குனா கல் பாலம். நட்சத்திரக்காரர் சிலையத் தாண்டுனா பஸ் ஸ்டாப்" என்றேன். அவர் நடக்க நடக்க, நான் சாம்பார் சாதத்தட்டோடு ஓரமாக நின்று என் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், என் ஊர்தான். நடக்கிற கால் மட்டும் அவருடையது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி டில்லிபாபு கேட்டார்: "இன்னாக்கா, நீ எப்போ இங்க வந்துட்டுப் போன? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவேயில்ல!"

மணிக்கூண்டு

அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பாவெல் என்ற எஞ்சினியர் எங்கள் பிளான்ட்டுக்கு வந்தார். அவருடைய அறைப் பதிவை உறுதி செய்யும் சாக்கில் பேச்சுக் கொடுத்தேன். மணிக்கூண்டின் உச்சிக்கு ஏறினால் ஆறு வளைகிற இடம் தெரியுமாமே, உண்மையா? அவர் திருதிருவென்று விழித்தார். அது இரண்டு முறை எரிந்த கதைகூட அவருக்குத் தெரியவில்லை. அதில் ஏறியதே இல்லையாம். ஐம்பது வயது ஆளுக்கு அத்தனை வருடமும் ஜன்னலைத் திறந்தால் மணிக்கூண்டு. எனக்கு ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரி. கடவுள் பரிமாறுகிற லட்சணம் இது.

ஆனால் நல்ல மனுஷன். நான்காம் பக்கத்தை மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லி முழுக்கக் கேட்டார். பிறகு நேராக ராகவன் சாரிடம் போய், என் முன்னாலேயே ஆங்கிலத்தில் சொன்னார். அதைத் தமிழில் எத்தனை பேரிடம் திருப்பிச் சொன்னேன் என்று கணக்கில்லை. "அடுத்த குழுவோடு பத்து நாளாவது இவரை அனுப்புங்கள். எங்கள் ஊரை எனக்குச் சுற்றிக் காட்ட ஓர் ஆள் வேண்டும்."

முதல் வரி

அனுமதி வந்தேவிட்டது. அடுத்த மாதம் பயணம், நாளை மறுநாள் விசா அலுவலகத்தில் கைரேகை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் நான் போனைத் திறக்கவே இல்லை. நேரில் பார்க்கப் போகிறவளுக்குப் படம் எதற்கு?

என் பாஸ்போர்ட் பீரோவில், நகைப் பெட்டிக்குள் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த கையோடு எடுத்தது. ஆயுத பூஜைக்கு எல்லோரும் மெஷினுக்கும் ஸ்பேனருக்கும் பொட்டு வைப்பார்கள். என் தொழிலுக்கு ஆயுதம் இதுதானே என்று வருடா வருடம் அதை எடுத்துத் துடைத்து, அட்டைக்குக் குங்குமம் வைத்து, கும்பிட்டு உள்ளே வைப்பேன். அட்டையில் குங்குமக் கறை படிந்திருந்தது. உள்ளே ஒரு முத்திரைகூட இல்லை. முடிவு தேதிக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. திரும்பி வந்த பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும் என்பது விதி. அவசரமாகப் புதுப்பித்தாலும் அந்த விசா நாள் போய்விடும், இன்னொரு நாள் கிடைப்பதற்குள் குழு கிளம்பிவிடும். கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். எத்தனை பேரின் தேதியைப் பார்த்தவள்! என்னுடையதைக் கும்பிட்டேனே தவிர, ஒரு நாள் திறந்து பார்க்கவில்லை.

சீட்டு வீணாகக் கூடாது என்று ஸ்டோர்ஸில் இருக்கும் பிரேமைப் போட்டார்கள். அவன் கேட்கக்கூட இல்லை. என் கையாலேயே அவனுக்கு ஃபைல் தயார் செய்து, மேலே குறிப்பை வைத்துக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "அக்கா, 'முதலில் உங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து தேதியைப் பாருங்கள்'னு முதல் வரியே தடியா போட்டிருக்கீங்களே, இத நீங்க படிக்கவே இல்லையா?"

\*

புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டது, இன்னும் பத்து வருடம் செல்லும், அதற்குள் அந்த மணிக்கூண்டு மூன்றாவது முறை எரிந்துவிடக் கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், பிரேம் அதன் உச்சியில் நின்று எடுத்து அனுப்பிய படத்தைப் பார்க்கிற நாட்களில் மட்டும் அந்த வேண்டுதலுக்கு விடுமுறை.