நெற்றியில் ஆறு கோடுகள்

எண்பத்தாறில் ஜேர்மனியின் டுசல்டோர்ஃபில் அகதிகளுக்கான ஆலோசனை நிலையமொன்றில் வேலை செய்தேன். தஞ்சம் கேட்பவர்களின் அன்ராக்கை, அதாவது விண்ணப்பத்தை, நிரப்பிக் கொடுக்க வேண்டும். வந்தவர்களில் அனேகர் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர். மூன்றே மாதத்தில் நான் பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வந்துவிட்டது.

அந்த நினைப்போடுதான் காட்லுவாக்கின் படிவத்தை நிரப்பினேன். சூடானின் தெற்கில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். சண்டைக்குத் தப்பி வந்திருந்தார், பாஸ்போர்ட் இல்லை. நெற்றியில் ஒரு காதிலிருந்து மறு காதுவரை ஆறு தழும்புக் கோடுகள். எங்கள் பெடியளின் உடம்பில் தழும்பைக் கண்டால் ஆமியின் வேலை என்றே எழுதிப் பழகியிருந்தேன். இவரையும் கேட்காமலே 'சித்திரவதைத் தழும்பு' என்று எழுதிவிட்டேன்.

கையெழுத்துக்கு முன் வாசித்துக் காட்டினேன். மனுஷன் பேனையைக் கீழே வைத்துவிட்டார். நாங்கள் பேசியது ஆங்கிலத்தில். என் தமிழில் சொல்கிறேன்.

"இது ஆமி வெட்டினதில்லை. எங்கடை ஊரிலை பெடியன் ஆம்பிளையாகிற சடங்கு. அதுக்கெண்டு இருக்கிற பெரியவர்தான் வெட்டுவார். அசைஞ்சால் கோடு கோணிப்போகும். நான் அசையேல்லை."

"படிச்ச நீருமா?"

"என்ரை தம்பி மாட்டனெண்டிட்டான். இப்ப பள்ளிக்கூடம் போறவை கனபேர் வெட்டுறேல்லை. எனக்குப் படிப்பும் கோடும் ரண்டும் வேணுமெண்டிருந்தது."

"சரி, ஆமியெண்டே கிடக்கட்டும். நாளைக்கு விசாரணை. உம்மைத் திருப்பி அனுப்பினால் என்ன செய்வீர்?"

"அப்பா பக்கத்திலை நிண்டு பார்த்த காரியத்தை ஆமி செய்ததெண்டு எழுத ஏலாது."

எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பொறுப்பாளரான ஜேர்மன் அம்மாவிடம் போய் முறையிட்டேன். "நெற்றி அவரின்ரை. அவர் சொல்றதை எழுதுங்கோ" என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு புதுப் படிவம் எழுதினேன்.

மறுநாள் விசாரணை அதிகாரி, அவர் தெற்கிலிருந்துதான் வந்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். காட்லுவாக் நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சடங்கை ஒன்றும் விடாமல் விவரித்தார். அதிகாரி அதைப் பல்கலைக்கழகமொன்றுக்கு எழுதிக் கேட்டார். ஐந்து மாதம் கழித்து முடிவு வந்தது. அந்தக் கோடுகள் அவருடைய மக்களின் வழமைதான், அவர் அங்கிருந்து வந்தவரே என்று ஏற்றுத் தஞ்சம் கொடுத்திருந்தார்கள்.

நான் முதலில் எழுதிய படிவம் அப்படியே விசாரணைக்குப் போயிருந்தால், அதே பல்கலைக்கழகம் அவரைப் பொய்யனாக்கியிருக்கும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன்.

"நீர் நல்லதைத்தான் நினைச்சனீர்" என்றார். "ஆனால் என்னைக் கேக்கேல்லை."

இந்த வேலைக்கு வரும் இளையவர்களே, எதிரே இருப்பவர் மீது எவ்வளவு இரக்கம் வந்தாலும், அவரைக் கேட்ட பிறகு பேனையைத் திறவுங்கள்.