கடைசி ஆளும் வரட்டும்

என் தங்கையின் கணவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. மாப்பிள்ளை ஆயிற்றே, கிண்டல் பண்ணியே பழகிவிட்டது. ஆனாலும் இந்த ஒரு தடவை சொல்லித்தான் ஆகவேண்டும்.

மனிதர் யாரையும் விட்டுவிட்டு நகரமாட்டார். குடும்பத்தோடு கல்யாணத்துக்குக் கிளம்பினால் கடைசி ஆள் செருப்பு மாட்டும்வரை வண்டி அசையாது. நாங்கள் போய்ச் சேரும்போது மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள். சாப்பாட்டு மேசையிலும் அதே சட்டம்தான். எல்லாரும் உட்கார்ந்தால்தான் யாரும் கை வைக்கலாம். நான் மாடி வீட்டில் தனிக்கட்டை, சாப்பாடு தங்கை கையால். ஷிஃப்ட் முடிந்து நான் தாமதமாக வந்தால் பிள்ளைகள் காய்ந்த வயிற்றோடு என்னை முறைக்கும். அவர் கதை சொல்லும்போது நடுவில் போன் வந்தால் தொலைந்தோம். பேசிவிட்டு வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். "அதான் சொல்லிட்டீங்களே!" என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாலும் ஒரு வரியை விடமாட்டார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் பிழைப்பு போய் மாட்டியது.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கப்பலிலிருந்து கன்டெய்னரைத் தூக்கி டிரெய்லரில் வைக்கும் கிரேன். உச்சியில் இருக்கும் கூண்டுக்குப் பாதி தூரம் லிஃப்ட், மீதி ஏணி. என் வலது முழங்காலுக்கு ஏணியைக் கண்டாலே ஆகாது. "இனிமே ஏறக்கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து நிர்வாகம் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. கீழே ஒரு அறையில் உட்கார்ந்து, கேமரா அனுப்பும் படத்தைப் பார்த்தே கிரேனை ஓட்டலாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. படத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு, அதே துறைமுகத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு என்றார்கள். வந்த உயிரில் பாதி மறுபடி போய்விட்டது.

படம் துண்டு துண்டாக இரண்டு வழியில் வரும். ஒன்று துறைமுகத்து வைஃபை, இன்னொன்று செல்போன் நெட்வொர்க். கன்டெய்னர் அடுக்கு ஒரு வழியை மறைத்தாலும் இன்னொரு வழி கைகொடுக்கும் என்று கணக்கு. கெடு கால் நொடி. கேமரா பார்த்தது அதற்குள் என் திரைக்கு வந்தாகவேண்டும். வராவிட்டால் கிரேன் தானாக நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். பழைய படத்தை நம்பினால் நான் கன்டெய்னரை டிரெய்லர்காரன் தலையில் இறக்கிவிடுவேன்.

முதல் சோதனையில் கிரேன் நின்றது, நகர்ந்தது, மறுபடி நின்றது. கூத்து என்னவென்றால், ஒரு வழியை அணைத்தால் ஓரளவு ஓடியது. இரண்டையும் திறந்தால் படுத்துக்கொண்டது. மேலாளர் கையைப் பிசைந்தார். "வெள்ளிக்கிழமை இன்னொரு தடவை பார்க்கலாம். சரிப்படலைன்னா பழையபடி மேல ஏறிடுங்க." ஏற முடியாதவனுக்கு என்ன வேலை என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

நேரே மாப்பிள்ளையின் அறைக்குப் போனேன்.

"ரெண்டு வழி இருந்தும் ஏன் மாப்பிள்ளை ஒரு வழியைவிட லேட்டாகுது?"

"வைஃபையில வந்த துண்டு, செல்போன்ல வர்ற துண்டுக்காகக் காத்திருக்கு மச்சான். வரிசைப்படி சேர்த்துத்தானே காட்டணும்?"

"அது வரலைன்னா?"

"வந்துடும். கிளம்பிடுச்சு, பாதி வழியில இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட கடவுளே, இவர் என் தங்கையின் சாப்பாட்டு மேசையைக் கொண்டுவந்து கம்ப்யூட்டருக்குள் போட்டிருக்கிறார்!

"அது வந்து சேர்றதுக்குள்ள கன்டெய்னரே நகர்ந்து போயிருக்கும். அந்தப் படத்தை வச்சு நான் என்ன ஆல்பமா போடப்போறேன்? விட்டுத் தொலைங்க!"

"அனுப்பிட்டு வேணாம்னு சொல்ல மனசு வரமாட்டேங்குது மச்சான்."

"அப்ப என்னை வேணாம்னு சொல்லுங்க!"

அவர் என் முழங்காலைப் பார்த்தார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஒரு பேச்சைப் பாதியில் விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வியாழன்வரை அவர் சாப்பிடவும் வீட்டுக்கு வரவில்லை, தங்கை டிபன் கேரியர் கொடுத்தனுப்பினாள். வெள்ளிக்கிழமை காலையில், பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவந்தவர் முகத்தோடு வந்து நின்றார். ஒவ்வொரு துண்டுக்கும் கெடு குறித்தாயிற்றாம். எந்த வழியில் போனால் கெடுவுக்குள் சேருமோ அந்த வழியில்தான் அனுப்புமாம். இரண்டிலும் சேராது என்றால் அனுப்பவே அனுப்பாதாம். வழியில் தாமதமானால் குப்பைதான்; அந்த இடம் மட்டும் ஒரு கணம் சாம்பலாகத் தெரியும், மீதிப் படம் அதற்காகக் காத்திருக்காதாம். "உங்க கையிலேர்ந்து போற 'நிறுத்து' மட்டும் ரெண்டு வழியிலயும் போகும் மச்சான். எது முந்துதோ அது. அதுல நான் விளையாடமாட்டேன்."

உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தேன். கன்டெய்னர் கப்பலைவிட்டு எழுந்தது. படத்தின் மூலையில் அவ்வப்போது ஒரு சாம்பல் கட்டம் தோன்றி, கண் சிமிட்டுவதற்குள் மறைந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் என் முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை "ப்ச்" என்றார். போன துண்டுக்காகத் துக்கம் விசாரிக்கிறாராம்! ஆனால் கிரேன் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கன்டெய்னர் டிரெய்லரில் பூப்போல உட்கார்ந்தது. மேலாளர் என் தோளைத் தட்டிவிட்டு, "இனி இதுதான் உங்க நாற்காலி" என்றார்.

அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மனமில்லை. கப்பலைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுந்தேன். வீட்டுக்குப் போனபோது ராத்திரிச் சாப்பாட்டு நேரம் எப்போதோ போயிருந்தது. பிள்ளைகளின் தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருந்தன.

தங்கை சிரித்தாள். "இந்த வீட்லயும் கெடு வந்தாச்சுண்ணே. நேரத்துக்கு வந்தவங்க சாப்பிடலாம். உன் மாப்பிள்ளை உத்தரவு."

"இப்பவாவது புத்தி வந்துச்சே!" என்றேன். உள்ளே மட்டும் சுருக்கென்றது.

மேசைக்குப் போனால் இரண்டு தட்டுகள் மூடியிருந்தன. ஒன்றின் முன்னால் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார்.

"நீங்க சாப்பிடலை?"

"படத்துக்குத்தான் மச்சான் கெடு. உக்காருங்க."

சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளலாமா? "எல்லாம் ஆறிப்போச்சு, பசியில கிடக்கணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்து" என்று அவர்மேல் எரிந்து விழுந்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் காலையில் நடந்ததை, நான் அங்கே இல்லாததுபோல, எனக்கே சொல்ல ஆரம்பித்தார். கன்டெய்னர் பாதி இறங்கும்போது போன் அடித்தது. பேசிவிட்டு வந்து முதலிலிருந்து ஆரம்பித்தார்.

நானும் முதலிலிருந்து கேட்டேன்.