மடியில் இருந்த கருவாட்டுப் பை

தலைமன்னாரிலிருந்து வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு இடது கன்னம் வீங்கியிருந்தது. கண்டக்டருக்குக்கூடச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பதில் சொன்னார். மடியில் ஒரு கருவாட்டுப் பை. நாற்றம் தாங்க முடியவில்லை. ஜன்னலை முழுவதும் திறந்தேன், எழுந்து நின்றேன், திரும்பவும் இருந்தேன்.

“அக்கா, அந்தப் பையைப் பின்னுக்கு வையுங்கோவன்.”

“வைச்சாலும் நாறும், தங்கச்சி. கடைவாய்ப் பல்லு சூத்தையாகிச் சீழ் பிடிச்சிட்டுது. பை மடியில கிடந்தால் சனம் கருவாட்டைத்தான் ஏசும்.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போகேல்லையோ?”

“ரெண்டு தரம் வாசல் வரைக்கும் போனனான். வாயைத் திறந்து காட்ட வெக்கம். கருவாடு விக்க வந்தனான் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிட்டன்.”

ஆஸ்பத்திரியடியில் பஸ் நின்றது. அவர் எழும்பவில்லை. கண்டக்டர் கத்தினார். அந்த அக்கா சட்டென்று பையைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

“இது கையில இருந்தால் இண்டைக்கும் அப்பிடித்தான் சொல்லுவன்.”

இறங்கிப் போய்விட்டார்.

அந்த இடத்தில் வந்து இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தார். பை என்னுடையதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.